படிக்கப் போன வெள்ளிக்கிழமைகள்

நேர்முகப் பரீட்சையில் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "பெண்களுக்கென்று தனியாக ஒரு புலமைப்பரிசில் எதற்கு?" என்பது. கேட்டவர் வம்புக்குக் கேட்கவில்லை. காரணத்தை என் வாயால் கேட்க விரும்பினார் என்றே நினைக்கிறேன்.

நான் அப்போது சித்தாண்டியில், ஒரு தனியார் நிறுவனத்தின் பால் சேகரிப்பு நிலையத்தில் உதவி முகாமையாளர். முகாமையாளர் மாற்றலாகிப் போகும்போதெல்லாம், புதியவர் வரும்வரை 'பதில் முகாமையாளர்' என்று என்னை அந்த நாற்காலியில் இருத்துவார்கள். பிறகு கொழும்பிலிருந்து ஓர் ஆண் வருவார். அவருக்கு வேலையைப் பழக்கிவிட்டு நான் என் பழைய மேசைக்குத் திரும்புவேன். இதைத்தான் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். "அந்தப் 'பதில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு வேலை செய்ய ஆசைப்படுகிறேன்" என்று முடித்தபோது என் குரல் உடைந்துவிட்டது. காரியம் கெட்டது என்று எண்ணிக்கொண்டே பஸ் ஏறினேன்.

கெடவில்லை. முகாமைத்துவத்தில் பட்டப்பின் படிப்பு, இரண்டு வருடம், முழுக் கட்டணமும் புலமைப்பரிசில் தருகிறவர்கள் பொறுப்பு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனியும் ஞாயிறும் கொழும்பில் வகுப்பு. கணவர் கல்லடியில் மின்சார வேலை செய்கிறவர். செய்தியைக் கேட்டதும், "அப்ப போங்க. புள்ளய நான் பாக்கிறன்" என்றார். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது.

அம்மா கிணற்றடியில் கறிக்கு றால் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டின் பின்னறையில் அவர்தான் எங்களோடு இருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டும் தலை நிமிரவில்லை.

"என்னம்மா, ஒண்டும் சொல்லல்ல?"

"புள்ளய விட்டுட்டுப் போறது சரியில்ல."

"ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தானே. ஞாயிறு ராவைக்குத் திரும்பிருவன்."

"நானும் ரெண்டு வருசம் எண்டுதான் போனன்" என்றார் அம்மா.

அப்பா இறந்த பிறகு, என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். இரண்டு வருடம் என்று போனது நீண்டு நீண்டு, நான் பெரியபிள்ளையான பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். நாங்கள் இருக்கும் வீடும் நான் படித்த படிப்பும் அந்தச் சம்பளத்தில் வந்தவை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அன்று அம்மா பேசினார்.

"ஒருநாள் அங்க இரிந்து போன் எடுத்தன். பெரியம்மா உன்னட்டத் தந்தா. நீ, 'ஆரு கதைக்கிற?' எண்டு கேட்ட. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல, புள்ள."

எனக்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அம்மா இத்தனை வருடமும் அதைத் தனியே சுமந்திருக்கிறார்.

"நீங்க போனதாலதானே நான் படிச்சன்" என்றேன்.

"ஓம். அதுக்காக அது லேசா இருந்ததெண்டு நினைக்காத."

பக்கத்தில் குந்தி நானும் றால் உரித்தேன். மூன்று நாள் கழித்து, தேநீர் தரும்போது அம்மாவாகவே சொன்னார்: "போறதெண்டா போ. ஆனா அங்க இரிந்து போன் எடுக்காத. குரலைக் கேட்டாப் புள்ள ஏங்கும். நேர வந்து முகத்தக் காட்டு."

முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன். அம்மா சொன்னதற்காகப் போன் எடுக்கவில்லை. வகுப்பில் எல்லாரும் கொழும்புப் பிள்ளைகள், மளமளவென்று ஆங்கிலம் பேசினார்கள். நான் வாய் திறக்கவே இல்லை. பின்னேரம் போனைப் பார்த்தால் கணவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது. மகள் சோற்றுத் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வரி: 'புள்ள அழல்ல. மாமிதான் அழுறா.'

இரண்டு மூன்று மாதம் இப்படித் திருட்டுப் படங்களிலேயே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, வகுப்பு இடைவேளையில் அம்மாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பதறிப்போய் எடுத்தேன். "இவ உன்னோட கதைக்கோணுமாம். நேசரியில படிச்ச பாட்டுப் பாடுறாவாம்" என்றார் அம்மா, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல. நடைபாதையில் நின்று முழுப் பாட்டையும் கேட்டேன். அன்று பின்னேர வகுப்பில்தான் முதன்முதலாகக் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டேன். கேள்வி அப்படியொன்றும் பெரிதில்லை. பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு எங்கள் குழுவில் என் பேச்சுக்கும் இடம் கிடைத்தது.

படிப்பு முடிந்த வருடமே முகாமையாளர் பதவி மறுபடியும் வெற்றிடமானது. தலைமை அலுவலகத்திலிருந்து வழமைபோலப் பேசினார்கள்: "வழக்கம்போல கொஞ்ச நாளைக்கு நீங்கள் பாருங்கள்." இந்த முறை நான் சொன்னேன்: "நிரந்தரமாகத் தாருங்கள். இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்புங்கள், சேர். பதில் கடமை இனிப் பார்க்க மாட்டேன்." யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த நாட்கள் பொல்லாதவை. இருந்த வேலையையும் இழந்துவிடுவேனோ என்று வீட்டில் எவரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் நியமனம் வந்தது.

இந்த வருடம் எங்கள் நிலையத்தில் பால் பரிசோதனை செய்யும் பெண்ணுக்கு அதே புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது. ஊர் கொக்கட்டிச்சோலை. கைக்குழந்தைக்காரி, பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. வேண்டாமென்று எழுதப்போவதாக என்னிடம் அழுதாள். வீட்டில் இதைச் சொன்னேன், உதவி கேட்டு அல்ல, மனம் கேட்காமல். "இஞ்ச கொண்டு வரச்சொல்லு" என்றார் அம்மா. அடுத்த நாளே பழைய சேலையொன்றைத் துவைத்து, குழந்தை தூங்க ஏணை கட்டத் தயாராக வைத்தார்.

அந்தக் குழந்தை வந்த முதல் சனிக்கிழமை நான் பண்ணையாளர் கூட்டத்தில் இருந்தேன். நடுவில் போன் அடித்தது.

"கூட்டத்தில இரிக்கன் அம்மா, என்ன?"

"அது கிடக்கட்டும். இவன் பால் குடிக்கிறானில்ல. தாய்க்காரி சூடாக் குடுப்பாவா, ஆறவெச்சுக் குடுப்பாவா? கெதியாக் கேட்டுச் சொல்லு."

பின்னால் பிள்ளை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. கூட்டத்தாரிடம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து, கொழும்பு வகுப்பில் இருந்த அவன் தாய்க்குப் போன் எடுத்தேன்.