மாமா வாங்கி வந்த முடி இஸ்திரி

"எட்டு இருவது ஆச்சு" என்று அப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளறையில் சுர்ரென்று ஒரு சத்தம். சூடான கல்லில் மாவு விழுந்தது போல. பிறகு புகை, பிறகு அந்த வாசம். நான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் ஒருகணம் சுருங்கியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அன்று அவளைப் பெண் பார்க்க, கீழே சேந்தமங்கலத்திலிருந்து மலைமேல் இருந்த எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தார்கள். அதற்குமுன் தை மாதத்தில் வேறொரு குடும்பம் வந்து, பஜ்ஜி காபி எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய், "பொண்ணு நல்ல பொண்ணுதான், தலைதான் பரட்டையா இருக்குது" என்று சொல்லி அனுப்பியிருந்தது. அத்தைக்குச் சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் திரும்பி வர நேரமாகும். அதை ஒரு குறை என்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. அந்தச் சொல் வந்து சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் அவள் முகத்தை விட்டுவிட்டுத் தலையையே பார்க்கத் தொடங்கினார்கள். இந்த இடமும் தட்டிப் போனால் அடுத்து எவர் மலையேறி வருவார் என்பது அப்பாவின் கவலை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, லாரி ஓட்டுபவர். வீடு காளப்பநாயக்கன்பட்டியில்; மாதத்தில் பாதி பம்பாய் சாலையில். அம்மா சொல்லியனுப்பியதை மறக்காமல், பம்பாய்க் கடைத்தெருவில் தேடி அவர் வாங்கி வந்தது, இடுக்கி போல இரண்டு இரும்புத் தகடுகள் கொண்ட மின்சாரக் கருவி. அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. முடி இஸ்திரி என்றோம். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்ததும் கடையில் இருந்ததாம். மாமா அதை வேண்டாம் என்றுவிட்டார். எந்தப் பொருளையும் லாரியாகப் பார்த்தே அவருக்குப் பழக்கம்.

"திருகு வெச்சதெல்லாம் வெளையாட்டுச் சாமானு. இதப் பாரு, கரண்டு குடுத்தா அடுத்த நிமிசமே புடிச்சு இழுக்கும். அடிவாரம் காரவள்ளியில இருந்து பாரத்தோட மேல ஏறுற வண்டியாட்டம்."

அதிகச் சூடுதான் நல்ல இயந்திரத்துக்கு அடையாளம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் கடைக்காரன் சொன்னதாக மாமா இன்னொன்றும் சொன்னார்: முடி காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் ஆகாது. அதைத்தான் அம்மாவால் ஏற்க முடியவில்லை.

"எண்ணெ வெக்காத தலையோட நல்ல காரியத்துல உக்காருவாளா? எழவு ஊட்டுக்காரியாட்டம்?"

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில்தான் தலையை எண்ணெய் இல்லாமல் காயவிடுவார்கள். பெண் பார்க்க வருகிற நாளில் அப்படி ஒரு தலையை நினைத்துப் பார்க்கவே அம்மாவால் முடியவில்லை. தேங்காயெண்ணெயோடு விளக்கெண்ணெயைக் கலந்து, முடி படியட்டும் என்று வழக்கத்தைவிடத் தாராளமாகவே தேய்த்தாள். அதன்மேல் மாமாவின் இஸ்திரியை வைத்து இழுத்தாள்.

"சுடுதுங்க அண்ணி" என்றாள் அத்தை, முதல் இழுப்பிலேயே.

"சூடு இருந்தாத்தான் கண்ணு நேராகும்."

இரண்டாவது இழுப்பில் எட்டு இருபது ஆகிவிட்டது.

புகை விலகியபோது ஒரு கற்றை முடி இடுக்கியிலேயே இருந்தது. காதுக்குப் பின்னால் மொட்டையாக ஒரு இடம். அதற்குக் கீழே பிடரியில் தகடு பட்ட தோல் சிவந்து பளபளத்தது.

"ஐயோ, முடி போச்சே" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஓடிவந்து இணைப்பைப் பிடுங்கிவிட்டு இடுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிசினு நல்ல மிசினுதான். எண்ணெய ஊத்தி வறுத்தது நீயி."

"உன்ற மிசினக் கொண்டுபோயி ஆகாயகங்கை அருவியில போடு. போட்டுட்டு நீயும் கூடவே குதி."

அப்பா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். "மிச்சம் இருக்கறது பின்னலுக்குப் பத்துமா?" என்று மட்டும் கேட்டார்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் என் மகள். கல்லூரியில் படிக்கிறாள். அத்தையின் முடியே அவளுக்கும் வாய்த்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்னர் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சேந்தமங்கலத்தில், அத்தை வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் கடைக்குப் போனோம். சூட்டை எவ்வளவு குறைக்க முடியும், தகடு வெறும் இரும்பா பீங்கான் பூச்சு உண்டா, அணைக்க மறந்தால் தானாக அணையுமா என்று நான் கேட்டுக்கொண்டே போனதில் கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, தலைமுடிக்குத்தானுங்களே வாங்கறீங்க?" மகள் வெட்கத்தில் அடுத்த அடுக்குக்கு நகர்ந்துவிட்டாள். இருந்ததிலேயே சூட்டைத் தாழ்வாக வைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினேன். எண்ணெய்த் தலையில் வைக்காதே என்று வழியெல்லாம் சொன்னேன். "இப்ப யாரும்மா எண்ணெ வெக்கறா?" என்றாள். இருந்தாலும் அவள் அறைக்கதவு சாத்தும்போதெல்லாம் நான் வெளியே நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். கருகல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புகிறேன்.

அன்றைக்கு அம்மா கைதேர்ந்தவள்தான். மீந்த முடியை வாரி மறுபக்கத்திலிருந்து இழுத்து மொட்டையை மறைத்தாள். பிடரியின் சிவப்பு வெளியே தெரியாமலிருக்க அதன்மேல் பவுடரை அப்பினாள். அதற்கும்மேல் கனகாம்பரச் சரத்தைப் பந்துபோலச் சுற்றி, ஊசியை அழுத்திக் குத்தினாள். ஒவ்வொரு ஊசிக்கும் அத்தையின் கால் விரல்கள் மடங்கின. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, "ஒண்ணுமே தெரியல போ" என்று அம்மாவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் அது பெரிய வித்தையாகத்தான் பட்டது.

வருகிறவர்கள் வரக் காணோம். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் நின்றுவிட்டதாம், பேருந்து அதன் பின்னால். அப்பா சாலைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அத்தை முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

ஒருவழியாக மாப்பிள்ளையும் அவர் தாயாரும் வந்தார்கள். மலைப்பாதையின் வளைவுகள் மாப்பிள்ளையைப் படுத்தியிருந்தன. அவர் வெளியிலேயே தண்ணீர் வாங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார். தாயார் மட்டும் நேரே உள்ளறைக்கு வந்தார். வாசலிலேயே நின்று ஒருமுறை மூச்சை இழுத்தார். அம்மா அவசரமாக, "அடுப்புல பால் பொங்கிருச்சுங்க" என்றாள். அந்த அம்மாள் அத்தைக்குப் பின்னால் போய்ப் பாயில் உட்கார்ந்தார். பூவை லேசாக விலக்கினார். பிறகு ஒவ்வொரு ஊசியாக உருவி எடுத்தார். சரம் கழன்று மடியில் விழுந்தது. அம்மாவின் வித்தை முழுவதும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கதவோரம் நின்ற அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் தன் சேலை முந்தானையால் பவுடரைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். பிறகு குனிந்து அத்தையிடம் ஒன்று கேட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தை, அதைக் கேட்டதும் மாரே வெடித்துவிடும்போல அழுதாள். இதற்கு ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

"எரியுதா கண்ணு?"