அண்ணியின் இரண்டு வாணலிகள்

"உங்க அக்கா தட்டுல எத்தனை கிழங்கு இருக்குன்னு பாத்துட்டு வா," என்றாள் அண்ணி, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"நீங்களே கேக்கலாமே அண்ணி. பக்கத்து ரூம்லதான் இருக்கா."

"நான் கேட்டா பொறாமைன்னு சொல்லுவா."

"பொறாமை இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் கேக்க முடியல."

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அரைக் கிழங்கு என்றேன்.

"அரையா? போன வாரம் வரைக்கும் முழுசு தின்னா. இப்ப எதுக்கு அரை?" அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "எடை எவ்வளவு இறங்கியிருக்காம்?"

"அதக் கேக்கல."

"ஒரு வேலை சொன்னா அதையும் அரையாத்தான் செய்வே. உங்க வீட்டு வழக்கம்."

அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து அண்ணி தன் பொறாமையை யாரிடமும் ஒளித்ததில்லை. எதிர்வீட்டில் புதுத் திரைச்சீலை தொங்கினால் நேரே போய், "எனக்கு வயிறு எரியுது, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிடுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே கடையைச் சொல்வார்கள். அக்காவிடம் மட்டும் அவளால் அப்படிக் கேட்க முடியவில்லை.

அண்ணிக்கு இறைச்சிக் கடையில் வேலை. பின்னால் இருக்கும் குளிர் அறையிலிருந்து முழுத் தொடைகளைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து பலகையில் இறக்குவாள். கடையில் அவளுக்குப் பெயரே கிரேன். ஒரு நாள் கறி வாங்க வந்த ஜிம் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதே கனத்தை எங்க ஜிம்ல இரும்புல தூக்கிப் பாரும்மா," என்று கூப்பிட்டார். அண்ணி போனாள். கொஞ்ச நாள் கழித்து, பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கும் என் அக்காவும் "நானும் வரேன் அண்ணி," என்று கூடவே கிளம்பினாள். அன்றைக்கே அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

மற்ற ஜிம்களோடு நடக்கும் எடைதூக்கும் போட்டிக்கு அறுபத்து மூன்று கிலோ பிரிவில் ஒரே ஒருத்தியைத்தான் அனுப்பலாம். இருவரும் அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தார்கள். தேர்வு நாளன்று எடைக்குள் வர வேண்டும். வந்தவர்களில் அதிகம் தூக்குகிறவள் போவாள். "கடையில நாள் முழுக்கத் தூக்குறேன், ஒருத்தரும் கைதட்டுறதில்ல," என்பாள் அண்ணி. "ஒரு தடவை மேடையில ஏறித் தூக்கிட்டா போதும்."

மாஸ்டர் இருவருக்கும் ஒரே சாப்பாட்டைச் சொன்னார். கறி, மீன், முட்டை. சோறு, ரொட்டி, இனிப்பு கிடையாது. பயிற்சி நாளில் மட்டும் ஒரு உருளைக்கிழங்கு. "எடை குறையக் கறி போதும். இரும்புப் பாரைத் தூக்கக் கொஞ்சம் மாவுச்சத்தும் வேணும்."

அண்ணி முதல் கிழங்கைத் தின்ற மறுநாள் காலை எடை மெஷின் முக்கால் கிலோ கூடுதலாகக் காட்டியது. "அது கொழுப்பு இல்லம்மா, தண்ணி. மாவு உள்ள போனா உடம்பு தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். நாலு நாள் பொறு," என்றார் மாஸ்டர். அண்ணி அவர் முன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "என்னை ஊத வெச்சுட்டு அவளை அனுப்பப் பாக்குறாரு," என்றாள். அன்றோடு கிழங்கை நிறுத்தினாள்.

வெறும் கறியில் எடை மளமளவென்று இறங்கியது. ஆனாலும் அக்காவின் கிழங்கு அவள் கண்ணை உறுத்தியது. "நான் பச்சத் தண்ணி குடிச்சாலும் ஊதுறேன். அவ கிழங்கைத் தின்னுட்டுக் கொடி மாதிரி நிக்குறா."

"அது மேல கண்ணு வைக்காதே, வேகாமப் போயிடும்," என்றான் அண்ணன்.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. அண்ணி வேகமாக இளைப்பதைப் பார்த்துப் பயந்துபோய்த் தன் கிழங்கைப் பாதியாக்கிக்கொண்டாள். அந்த அரைக் கிழங்கைத்தான் அன்று நான் பார்த்துவந்து சொன்னேன். தன் ஒரே பலமான எடைக் குறைப்பிலும் அக்கா முந்திவிடுவாளோ என்று அண்ணி இரவெல்லாம் கணக்குப் போட்டாள்.

மறுநாள் அடுப்பில் இரண்டு வாணலிகள் ஏறின. சின்னதில் அண்ணிக்கு வெறும் கொத்துக்கறி உருண்டை. பெரியதில் அக்காவுக்கு. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, அக்காவின் கறியில் அண்ணி மசித்த கிழங்கையும் ரொட்டித் தூளையும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற? உருண்டை உடையாம இருக்கணும்ல."

"உங்க உருண்டை உடையாதா அண்ணி?"

"தண்ணி குடிச்சாச்சுன்னா போய் உன் வேலையப் பாரு."

அக்காவின் எடை ஏறியது. அன்று அண்ணி பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள்.

"கிழங்கைக்கூடக் குறைச்சுட்டேன் அண்ணி, எப்படி ஏறுது?" என்று அக்கா குழம்பினாள்.

"தண்ணியா இருக்கும். மாஸ்டர்தான் சொல்லியிருக்காரே," என்றாள் அண்ணி, வெகு பரிவாக.

அது தண்ணீரேதான். சில நாளில் நின்று, மெல்ல இறங்கவும் தொடங்கியது. அதற்குள் அக்காவின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. நன்றாகத் தூங்கினாள். ஜிம்மில் போன மாதம் முரண்டுபிடித்த எடையெல்லாம் அவளுக்கு வழிவிட்டது. அண்ணியோ கடையில் ஒரே மூச்சில் கொண்டுவரும் தொடையை நடுவழியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்தாள். ஆனாலும் பெரிய வாணலியில் கிழங்கு குறையவில்லை, கூடியது.

தேர்வு நாளில் இருவரும் எடைக்குள் வந்துவிட்டார்கள். அண்ணி தாராளமாக, அக்கா மயிரிழையில். அண்ணி முதல் எடையைத் தூக்கினாள். இரண்டாவதில் பார் முழங்கால் வரை வந்து, யோசித்து, திரும்பிப் போனது. மூன்றாவது தரையை விட்டே கிளம்பவில்லை. அக்கா மூன்றையும் தூக்கினாள். தூக்கிவிட்டு நேரே ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாம் எங்க அண்ணி கைச்சமையல்தான் மாஸ்டர். கிழங்கைப் பாதியாக்கிட்டு, அவங்க பண்ற கறி உருண்டையிலதான் ஓட்டினேன்."

"கிழங்கைப் பாதியாக்கிட்டா இப்படித் தூக்கினே? கணக்கு இடிக்குதே," என்று மாஸ்டர் தலையைச் சொறிந்தார். அண்ணி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் என்னைப் பார்த்து, "சிரிக்கணும்னா சிரிச்சுடு. அடக்கினா வயித்து வலி வரும்," என்றாள்.

"நான் சிரிக்கல அண்ணி."

"சொந்தக் காசுல சூனியம்னு சொல்லுவாங்க. நான் அதுக்கு எண்ணெய் ஊத்திப் பொரிச்சுல்ல வெச்சிருக்கேன்."

போட்டிக்கு அண்ணியும் போனாள். அக்கா தூக்கியபோது கை தட்டினாள். இரண்டு கையும் ஒன்றை ஒன்று தொட்டதே தவிர சத்தம் வரவில்லை என்று அண்ணன் சொன்னான். அக்காவுக்கு மூன்றாவது இடம். அப்புறம் உருண்டை விஷயம் தெரிந்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அதன்பிறகு அண்ணி சமைத்தால், "நீங்க முதல்ல தின்னுங்க," என்று தட்டை அவள் பக்கம் தள்ளாமல் வாய் வைத்ததில்லை.

அடுத்த தேர்வு வந்தது. இந்த முறை மாஸ்டர் சொன்னதை அண்ணி முழுக்க நம்பினாள், கண்முன்னே நடந்ததாயிற்றே. கிழங்கை வேகவைத்துத் தட்டில் வைத்தாள், உப்புத் தூவினாள். அது ஆறிக் கல்லாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த பயிற்சி நாளிலும் அதே கதைதான். அன்று மாலை என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே எனக்கு நீ சமைச்சுப் போடு," என்றாள். "அவ உருண்டையில நான் என்னென்ன போட்டேன்னு உனக்குத் தெரியும். அதையெல்லாம் கறியில ஒளிச்சுப் போடு. எவ்வளவு போட்டேன்னு நான் கேப்பேன், சண்டைகூடப் போடுவேன். சொல்லாதே."

"சரி அண்ணி."

எழுந்து கதவு வரை போனவள் நின்றாள்.

"அவளுக்குப் போட்டதவிட ஒரு பிடி கூடவே போடு. அதை மட்டும் போட்டுட்டேன்னு சொல்லிடு."