சொந்த வீட்டில் வாடகைக்காரி

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் தூறல். முழுக்க நனைக்கவும் இல்லை, ஓயவும் இல்லை. நிலப் பதிவு அலுவலகத்தில், விசாரணை அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சின் ஒரு முனையில் தையல்காரம்மாள் அமர்ந்திருந்தார். மறுமுனையில் ஒரு நர்சம்மாள். ஒரே வீட்டை இருவரும் விலை கொடுத்து வாங்கியிருந்தனர். இருவருக்கும் விற்றவர் மட்டும் ஊரில் இல்லை.

தையல்காரம்மாளின் கணவர் பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு அறைகளே கொண்ட அந்த வீட்டை முதலில் வாங்கியவர் அவர்தாம். பத்திரம் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று, பதிவுதான் ஆகவில்லை. ஒழுகும் கூரையை முதலில் மாற்றிவிட்டுப் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். "நாமதான உள்ள இருக்கோம்? வீட்டத் தூக்கிட்டா போயிடுவாங்க?" என்பார். கூரை மாறியது. அடுத்த மழை அதன்மேல் விழுமுன் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு தெருவைப் பார்த்த சன்னலோரத்தில் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடைகள் தைத்தே அம்மையார் மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். பத்திரம் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அது அங்கே இருக்கும்வரை வீடும் இருக்கும் என்று நம்பினார்.

சன்னலோரத்தில் இருப்பவருக்குக் கதவு தட்டுபவர்களால் ஓயாத தொல்லை. நன்கொடை கேட்பவர், தவணையில் மிக்ஸி விற்பவர், சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்பவர் எல்லாரும் வீட்டுக்கு உரியவரையே தேடி வருவர். அதற்குக் கணவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்: "வாடகைக்கு இருக்கோம்னு சொல்லு. அப்புறம் நாய்கூட நின்னு பாக்காது." அவ்வாறே வந்தவர்கள் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினர். நாளடைவில், ஊசியில் கோக்குமுன் நூல் நுனி தானாக உதட்டுக்குப் போவதுபோல, கதவு தட்டப்பட்டதும் அந்தப் பதில் தானாக வாயில் வந்து நின்றது.

சென்ற ஆண்டு ஒரு நண்பகலில், தோளில் கனத்த பையுடன் ஒரு பெண் வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், அம்மையார் கொடுத்தார். "அக்கா, இது உங்க சொந்த வீடா?" என்று அவர் கேட்டபோது, பையைப் பார்த்தே ஏதோ விற்க வந்தவர் என்று இவர் முடிவுகட்டிவிட்டார்.

"இல்லம்மா, வாடகைக்குத்தான் இருக்கோம்."

வந்தவர் பையைத் திறக்கவே இல்லை. டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருப்பவர்கள் குடித்தனக்காரர்கள் என்றுதான் விற்றவரும் அவரிடம் சொல்லியிருந்தார். இரண்டு பேச்சும் ஒத்துப்போகவே, நர்சம்மாள் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து வீட்டை வாங்கினார். உடனே பதிவும் செய்தார்.

முதலில் வாங்கியவர் யார் என்பதைவிட முதலில் பதிந்தவர் யார் என்பதே பதிவு அலுவலகத்தில் செல்லும். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஆள் குடியிருக்கும் வீட்டை, "நீங்கள் யார், என்ன உரிமை?" என்று அவரிடம் விசாரிக்காமல் வாங்கினால், பிந்தி வாங்கியவரின் பதிவு நிற்காது. விசாரிக்கவில்லை என்றால் வீடு தையல்காரம்மாளுக்கு; விசாரித்து, இந்தப் பதிலைப் பெற்றிருந்தால் நர்சம்மாளுக்கு. வக்கீல் இதை விளக்கியபோது, தையல்காரம்மாளுடன் போயிருந்த அவருடைய தம்பியின் முகம் மலர்ந்தது. அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின மாலை தம்பி வீட்டுக்கே வந்து மன்றாடினார். நர்சம்மாள் வந்த அன்று அங்கே மூன்றாம் மனிதர் எவரும் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அவ வரவே இல்லன்னு சொல்லு, முடிஞ்சுது."

"வந்தாளேடா."

"வர்றவன் போறவன்கிட்டல்லாம் பொய் சொன்னியே, இன்னும் ஒண்ணு சொன்னா வாய் வெந்துடுமா? இந்த வயசுல மெஷினத் தூக்கிட்டு எந்தத் தெருவுலக்கா போய் உக்காருவ?"

அம்மையார் மறுநாள் கொடுக்கவேண்டிய சட்டைக்குப் பொத்தான் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

பெஞ்சில் நர்சம்மாள்தாம் முதலில் பேசினார். அந்த ஆண்டோடு பணி ஓய்வாம். மருத்துவமனைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமாம். தாயார் படுத்த படுக்கையாம். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "சொந்த வீடுன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வாங்கியிருக்கவே மாட்டேன்க்கா."

தையல்காரம்மாளின் கண் அவருடைய கையில் போய் நின்றது. சட்டைக் கைப்பட்டியின் ஓரம் பிரிந்திருந்தது. உட்புறம் மடித்து ஒரு தையல் போட்டால் இன்னும் ஓராண்டு வரும். அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே அழைத்துவிட்டார்கள்.

அதிகாரி பொறுமையானவர். விற்றவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்பு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இந்தம்மா வாங்கறதுக்கு முன்னாடி வந்து கேட்டாங்களாமே. வாடகைக்கு இருக்கோம்னு நீங்க சொன்னீங்களாம்மா?"

பின்னால் தம்பி செருமும் ஒலி கேட்டது.

"சொன்னேங்க" என்றார் தையல்காரம்மாள்.