வேலப்பனுக்குப் பிடித்த இங்கிலீஷ் படங்கள்

வேலப்பனுக்குத் தமிழ்ப் படம் பிடிக்காது. இதைக் கேட்டதும் அவனைப் பெரிய மேதாவி என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலீஷில் ஏ, பி, சி, டி கூடத் தெரியாது. தமிழிலும் கையெழுத்துப் போடுவதோடு சரி. விஷயம் என்னவென்றால் அவனுக்குக் காது கேட்காது. தமிழ்ப் படம் போனால் பக்கத்து சீட்டுக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கும்போது இவன் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் படத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே நாங்கள் எல்லோருமே செவிடர்கள்தான்.

பிறவிச் செவிடனில்லை அவன். திருவொற்றியூரில் ஒரு பாய்லர் பட்டறையில் நாங்கள் வேலை செய்தோம். பெரிய இரும்பு டிரம்முக்குள் ஒருவன் குந்திக்கொண்டு, ரிவிட் ஆணியை இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். வெளியே நிற்பவன் சம்மட்டியால் அடிப்பான். ஆள் ஒல்லி என்பதால் உள்ளே போவது எப்போதும் வேலப்பன். முப்பது வயதுக்குள் அவன் காது போய்ச் சேர்ந்தது. காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் பஞ்சு கொடுத்தது. பஞ்சு! அந்தப் புண்ணியவான்களை ஒரு நாள் அந்த டிரம்முக்குள் உட்காரவைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் நைட் ஷிப்ட் முடிந்ததும் டீயைக் குடித்துவிட்டு நேராக ராயபுரத்துக்கு வருவோம். அங்கே ஒரு சினிமாக் கொட்டாயில் காலை பத்து மணிக் காட்சிக்குப் பழைய இங்கிலீஷ் படம் போடுவார்கள். மவுண்ட் ரோட்டில் ஓடி ஓய்ந்து, ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேரும் பிரிண்டுகள். கீறல் விழுந்து படம் முழுக்க மழை பெய்யும். நான், அம்புரோஸ், பட்டறையில் இன்னும் பத்துப் பேர். நடுவில் வேலப்பன். படம் ஆரம்பித்ததும் அவன் கதை சொல்ல ஆரம்பிப்பான். செவிடன் குரல் கொட்டாய் முழுக்கக் கேட்கும். யாரும் அவனை அதட்டியதில்லை. முன் வரிசையில் இருப்பவனே திரும்பி, "அப்பால இன்னா மாமு?" என்று கையாட்டிக் கேட்பான். பட்டறையில் கூப்பிட்டால் திரும்பாத செவிட்டுப் பயல், அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கெல்லாம் வாத்தியார்.

"மொகத்தப் பாருடா," என்பான். "வாய் பொய் சொல்லும். மொகம் சொல்லாது."

அவனுக்கு ரொம்பப் பிடித்தவை என்று மூன்று உண்டு. பெயரெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? முதலாவது கறுப்பு வெள்ளை. ஒரு ஆபீஸ் பெண் தினமும் லிப்டில் ஒரு வயசான ஆளோடு மேலே போவாள். ஒரு நாள் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். வேலப்பன் உடனே, "அதோ! தப்பு பண்ணவன்தான் தொப்பிய அப்பிடிப் புடிப்பான்," என்பான். அந்த ஆள் இன்ன தப்பு செய்தான், அந்தப் பெண் ஏன் மன்னித்தாள் என்று படத்தில் இல்லாத கிளைக்கதை வேறு சொல்வான். இரண்டாவதில் ஒரு குதிரைக்காரன். குதிரை நொண்டியாகிவிட, அதை நடத்திக்கொண்டு சேணத்தைத் தன் தோளில் சுமந்து மணல்காட்டில் போவான். படத்தில் அவன் வாயே திறப்பதில்லை என்பதால் இது வேலப்பனுக்கு உசத்தி.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. ரோமாபுரிக் கதை, கலர் படம். அண்ணன் கோட்டைக் காவல்காரன், தம்பி ராஜாவை எதிர்த்தவன். தம்பியைக் கொல்லக் கொண்டுபோகும்போது அண்ணன் வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசுவான். தம்பி அழுவான். "நீ தைரியமா போ நைனா, உம் பொண்டாட்டி புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்றான்" என்று வேலப்பன் சொல்லும்போது அவன் குரல் உடையும். எங்களுக்கும் கண் கலங்கிவிடும். அந்தப் படம் எப்போது வந்தாலும் வேலப்பன் போவான்.

தொண்ணூற்றெட்டில் பட்டறையை மூடினார்கள். கொட்டாயும் குடோனாகிவிட்டது. நான் எண்ணூரில் ஒரு லாரி ஷெட்டில் ஒட்டிக்கொண்டேன். அம்புரோஸுக்கு மாதா கோயிலில் ஏதோ எடுபிடி வேலை. செவிடனுக்கு எவன் வேலை கொடுப்பான்? அவன் பெண்டாட்டி தாயம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் புருஷனுக்குச் சோறு போட்டாள். அவன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் போனால் மட்டும் அந்த மூன்று படத்தையும் இன்னொரு தரம் சொல்வான்.

சில வருஷம் கழித்து ஒரு தவக்காலத்தில் அம்புரோஸ் என்னிடம் ஓடி வந்தான். "மாமு, நம்ம ரோமாபுரிப் படம்டா! கோயில் மைதானத்துல போடறாங்கோ. தமிள்ல பேசுது!" வேலப்பனுக்குப் பிடித்த படம் ஆயிற்றே என்ற பிரியத்தில்தான் சொன்னான். தமிழ் என்றால் என்ன ஆகும் என்று எனக்கும் உறைக்கவில்லை.

வேலப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். முன்னால் உட்கார்ந்தான். படம் ஓட ஆரம்பித்ததும் பழையபடி சத்தமாக ஆரம்பித்தான். பின்னாலிருந்து "உஷ்" என்றார்கள். அது அவனுக்குக் கேட்டால்தானே. நான் தொடையில் தட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டான். அந்தக் கட்டம் வந்தது. அண்ணன் தம்பியின் முகத்தைப் பிடித்தான். ஒலிபெருக்கி கணீரென்று சொன்னது: "சகோதரனே, உன்னைக் காட்டிக்கொடுத்தது நானே. நீ மாண்டபின் உன் மனைவியும் உன் வீடும் எனக்கே சொந்தம்."

அதே நேரத்தில் வேலப்பன், "உம் பொண்டாட்டி புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்றான்!" என்று கத்தினான்.

மைதானமே சிரித்தது. சின்னதுகள் விசிலடித்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் திரையைக் கிழித்திருப்பேன். வேலப்பன் திரும்பிப் பார்த்தான். "சாவுற கட்டத்துல இன்னாத்துக்குடா சிரிக்கிறானுங்கோ?" அம்புரோஸ் அவன் தோளைப் பிடித்து, திரையில் அண்ணனைக் காட்டி, தன் கழுத்தில் கையால் அறுத்துக் காட்டினான். பிறகு கழுத்தில் தாலி கட்டுவது போலக் காட்டினான். வேலப்பன் இரண்டு மூன்று தரம் திருப்பிக் காட்டச் சொன்னான். பிறகு மெதுவாக, "அப்போ அந்த ஆபீஸ் பொண்ணு?" என்றான். அம்புரோஸ் கையை விரித்தான். "குதிரக்காரன்?" என்று என்னைப் பார்த்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அத்தனை வருஷம் அத்தனை படம் பார்த்தோம். எல்லாம் அவன் வாயால் பார்த்ததுதான்.

மறுநாள் மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். வேலப்பன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தாயம்மாவைப் பார்த்து, "அன்னிக்கி தெருமொனையில நீ இன்னா சொன்ன? நெசத்த சொல்லு," என்றான்.

என்றைக்கு என்று தாயம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுக்குச் சிவந்தி என்று ஒரே பெண். நாலு வயதில் காய்ச்சல். தாயம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த வேலப்பன் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்திலேயே திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு ஜன்னி கண்டு அலறியது அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறது, இவனுக்குக் கேட்கவில்லை. யாரோ கதவை உடைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூலக்கொத்தளம் மயானத்துக்கு எடுத்துப் போகும்போது பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். அங்கே தாயம்மா இவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். "எம் மேல தப்பில்லன்னு சொல்லிச்சு. அது மொகத்துல பாத்தேன். இல்லாங்காட்டி ரயிலுக்குத் தலயக் குடுத்திருப்பேன்," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னான். ரோமாபுரிப் படத்தை அவன் ஏன் விடாமல் பார்த்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவன் பார்த்தது சரிதான். தெருமுனையில் நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். "உம் மேல தப்பில்லய்யா. நீ இன்னா பண்ணுவ, அந்த டிரம்முதான் உன் காதத் தின்னுட்ச்சே," என்றாள். எத்தனை படத்தில் தப்பு விட்டிருந்தாலும் அந்த ஒரு முகத்தை அவன் சரியாகப் படித்திருந்தான்.

இப்போதும் தாயம்மா அவன் எதிரில் உட்கார்ந்து அதையே சொன்னாள். வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் என் நெஞ்சில் அடித்து, "சத்தியம்டா, நான் கேட்டேன்டா," என்றேன். வேலப்பன் என் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த அண்ணங்காரனும் இப்பிடித்தான் பாத்தான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

தாயம்மா அவனை உலுக்கினாள். அவன் திறக்கவில்லை. கேட்காத காது, மூடிய கண். இனி அவனிடம் எந்த வழியாகப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மட்டும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.