இரைச்சல் வராத வயர்

அரங்கத்தில் ஒலியமைப்பு பார்க்கும் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். எங்காவது ஒரு வயரின் பின் தளர்ந்திருந்தால் கடைசி வரிசையில் நின்றபடியே கையை நீட்டி, "அந்தப் பெட்டிதான்" என்று காட்டிவிடுவார். மேடைச் சாமான் தூக்குகிறவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. போகப் போக அதுவே மரியாதையாகிவிட்டது. மேலாளரே "பாம்புக்காது வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் கதவைத் திறக்கச் சொல்வார்.

சில மாதங்களாக அவர் கேட்பதில் எல்லாம் ஓர் இரைச்சல் இருந்தது. கேஸை மூட மறந்ததுபோல மெலிதாக 'ஸ்ஸ்' என்று. முதலில் நிஜமாகவே எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தார். பிறகு பழி மின்விசிறி மேல் விழுந்தது. அப்புறம் ஃபிரிட்ஜ், அதற்கப்புறம் பள்ளிச் சீருடை தைக்கும் மனைவியின் தையல் மெஷின் மோட்டார். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஒவ்வொன்றாக வாயடைக்கப்பட்டது. வியர்வையைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டே மகள் சொன்னாள்:

"அடுத்தது எங்களை மூச்சு விடாதீங்கன்னு சொல்லப் போறீங்கப்பா."

வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. அரங்கத்திலும் இரைச்சலை அடக்குகிறேன் என்று மேல் ஸ்தாயியைக் குறைத்தார். பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அடுத்த நிகழ்ச்சியில் ஏற்றி வைக்கப்போய், முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேலாளர் சண்டைக்கு வரவில்லை. தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போய், சனிக்கிழமை நிகழ்ச்சியும் இப்படியே போனால் அவருடைய நாற்காலியில் வேறு ஆளைத்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று பதமாகச் சொன்னார். அந்தப் பதம்தான் அவரை உலுக்கிவிட்டது.

யோசித்து யோசித்து, கோளாறு தன் பாட்டுப் பிளேயரில்தான் என்ற முடிவுக்கு வந்தார். சட்டைப்பையில் அடங்கும் கருவி அது. எந்த நிகழ்ச்சிக்கு முன்னாலும் அதில் ஒரே பாட்டைப் போட்டுத்தான் அரங்கத்தின் ஒலியைச் சரிபார்ப்பார். ஹெட்போன் ஓட்டை வழியாக எடுப்பதால்தான் இரைச்சல் சேர்கிறது. அதில் டிஜிட்டலாக வெளியே எடுக்க இன்னொரு ஓட்டை உண்டு. அதிலிருந்து ஒரு வயர் போட்டு, அரங்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த, டிஜிட்டலை ஒலியாக மாற்றும் பெட்டிக்குக் கொடுத்தால் போதும். கடையில் விற்கும் வயரின் பின் அதில் நுழையும். ஆனால் உள்ளே இணைப்பு வேறு மாதிரி. ஆகவே தானே செய்வது என்று உட்கார்ந்தார்.

தையல் பிரித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அவர் விளக்கினார்.

"சாதாரண வயர்ல பாட்டு பாட்டாவே போகும். வழியில கண்டதும் ஒட்டிக்கும். இதுல வெறும் எண்ணாப் போகுது. வந்தா சுத்தமா வரும். கெட்டா விட்டு விட்டு வரும், இல்ல ஒண்ணுமே வராது. இரைச்சல் மட்டும் வரவே வராது."

"உங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க. வந்தா குடும்பத்தோட வருவாங்க. இல்லேன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க."

ஞாயிறு மதியம் வேலை நடந்தது. டிவி ஆன்டெனாவுக்கு வாங்கி மிஞ்சிய வயரில் ஒரு முழம் வெட்டினார். மேல்தோலைச் சீவி, உள்ளே இருந்த கம்பிப் பின்னலைச் சிக்கெடுப்பதுபோலப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்கினார். மனைவி புருவம் திருத்தும் இடுக்கியால் பின்னைப் பிடித்துக்கொள்ள, அவர் பற்றுக்கம்பியைச் சுடவைத்து ஈயம் வைத்தார். புகை கண்ணில் ஏற, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிர கையை அசைக்கவில்லை.

பெட்டியில் ஹெட்போனையும் வயரின் ஒரு முனையையும் செருகியதும், பழக்கதோஷத்தில் அவர் மறுமுனையை விரலால் தொட்டார். எந்த வயரானாலும் தொட்டால் 'உர்ர்' என்று உறுமும். வயருக்கு உயிர் இருக்கிறதா என்று அவர் பார்க்கும் முறை அது. இது உறுமவில்லை. எண்ணில் போகும் வயருக்கு அவருடைய விரல் ஒரு பொருட்டே இல்லை.

பிளேயரில் செருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டார். குழல்காரர் ஊதுவதற்கு முன் இழுக்கும் மூச்சுகூடக் கேட்டது. அவர் முகம் மலர்வதைப் பார்த்து மனைவியும் சிரித்தாள்.

பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் நின்று ஒரு வெற்றிடம் வரும். வந்தது. அதில் 'ஸ்ஸ்' இருந்தது.

பாட்டை நிறுத்தினார். இருந்தது. மேசைக்கடியில் கையை விட்டு வயரை இரண்டு முனையிலும் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. அப்போதும் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினார். மின்விசிறி ஓடவில்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை, மெஷினும் ஓடவில்லை. பழி போட வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ கேட்டுப் பாரு."

சோதிப்பதற்காகக் கொடுக்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் கொடுத்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வெகு கவனமாகக் கேட்டாள். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"லேசா கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்கற மாதிரியேதான். வயருதான் சரியில்ல. உங்க காதுல என்ன வந்துடப் போவுது?"

காதைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. மடியில் கிடந்த வயரின் முனையை விரலால் நெருடினார்.

"ஆமா," என்றார். "ஈயம் சரியாப் பிடிக்கல."

"பிரிச்சுட்டு இன்னொரு தடவை வைங்க. நான் பிடிச்சுக்கறேன்."

இடுக்கியை எடுக்கக் குனிந்தபோதுதான் அவருடைய மடியில் வயர் சுருண்டு கிடப்பது அவள் கண்ணில் பட்டது. இரண்டு முனையும் எதிலும் செருகாமல் வெளியே. அவள் நிமிர்ந்தாள். இடுக்கியை மட்டும் கையில் வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவர் சூடு ஆறியிருந்த பற்றுக்கம்பியை ஈயத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது உருகுவதாக இல்லை.

உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சுதாப்பா? இப்பவாவது ஃபேனைப் போடலாமா?"

"போட்டுக்கம்மா," என்றார். "அது மேல ஒண்ணும் தப்பில்ல."