இரண்டு பாட்டிலுக்கும் வைத்த குங்குமம்

அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிற என் அக்கா தங்கைகளே, நான் செய்த பூஜையே ஒரு பெண்ணின் உயிருக்கு வினையாகப் பார்த்தது. அதை மறைத்துவிட்டு அம்மன் செய்த உதவியை மட்டும் சொன்னால் பாதிப் பொய் சொன்னவள் ஆவேன்.

1998-ஆம் வருடம். சிவாஜிநகரில் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு இருந்தேன். ரூட் கெனால் செய்யும்போது பல்லின் வேரைச் சுரண்டினால் மட்டும் போதாது. ஹைப்போ என்கிற மருந்துத் தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து, வேருக்குள் விட்டு விட்டு அலச வேண்டும். துணி வெளுக்கப் போடுகிற பிளீச்சிங் சமாச்சாரம்தான் அது. கெட்டி ஹைப்போ ஒரு பாட்டிலில் இருக்கும், தண்ணீர் கலந்தது இன்னொன்றில். இரண்டும் பழைய குளுக்கோஸ் பாட்டில்கள். நிறமும் ஒன்றுதான், நாற்றமும் ஒன்றுதான். அதனால் கெட்டிப் பாட்டிலில் மட்டும் என் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தேன். சிவப்பு இருந்தால் தொடக்கூடாது.

ஆயுத பூஜைக்கு கிளினிக்கையே கழுவித் தள்ளினேன். நாற்காலி, கொறடு, பாட்டில் எதையும் விடவில்லை. வெந்நீர் பட்டு அந்த ஸ்டிக்கர் உரிந்து போனதை நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அந்த இரண்டு பாட்டிலுக்கும்தான். மறுநாள் விஜயதசமி காலையில் எல்லாவற்றையும் துடைத்தேன். கைக்கு வந்த பாட்டிலில் சிவப்பு இல்லை. சரிதான் என்று சிரிஞ்சை நிரப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்கு முதல் ஆள் சுமதி. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிற பெண். தசரா லீவு கிடைத்ததால் வந்திருந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்.

"அக்கா, இனிமேலாவது ஒரு முறுக்கு கடிப்பேனா?" என்று சிரித்துக்கொண்டேதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

டாக்டர் சிரிஞ்சை அழுத்தியதும் துள்ளி எழுந்தாள். "எரியுதுக்கா! எரியுதுக்கா!" மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் அப்படி ஒரு அலறல். என் கண்ணெதிரே கன்னம் உப்பியது. டாக்டர் சலைன் விட்டு அலசி அலசிப் பார்த்தார். அவர் கன்னடக்காரர், முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"நந்தே தப்பு, லலிதம்மா. ஊசி டைட்டாயி, மருந்து வேரைத் தாண்டிடுச்சு. தப்பு என்னுது."

நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்த இன்னொரு பாட்டிலிலும் சிவப்பு இல்லை. நான் சிரிஞ்சை நிரப்பிய பாட்டிலைத் தடவினேன், பொட்டு ஒட்டியிருந்த இடத்தில் பசை விரலில் ஒட்டியது.

கலந்த மருந்துதானே, வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அவளை பஸ் ஏற்றி அனுப்பப் பார்த்தார். மூலையில் முந்தின நாள் பூஜை செய்த அம்மன் படம். "தாயே, அந்தப் பொண்ணக் காப்பாத்து" என்று அழுதேன். அடுத்து, "என்னைக் காட்டிக் கொடுத்துடாதே" என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிற வாய் இது. அந்த ஒரு வார்த்தைக்கு அடைத்துப் போனது. அம்மன் எனக்குக் கனவில் வரவில்லை, குரலும் கொடுக்கவில்லை. அந்த வார்த்தையை மட்டும் வரவிடவில்லை.

"டாக்டர், நான் குடுத்தது கெட்டி ஹைப்போ" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். உடனே பாட்டிலோடு அவளைக் காரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மத்தியானத்துக்குள் வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சு திணறியது. பக்கத்திலேயே டாக்டர்கள் இருந்ததால் பிழைத்தாள். பஸ்ஸில் போயிருந்தால் வீட்டுக்குப் போகிற வழியில் ஓசூர் ரோட்டிலேயே முடிந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். கேட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

முகம் பழையபடி ஆனது. ஆனால் கீழ் உதட்டின் இடது ஓரம் மரத்தது மரத்ததுதான். என் டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இப்போது கெட்டி மருந்து தனி அலமாரியில் பூட்டியிருக்கிறது. சிரிஞ்சை நிரப்பினால் இன்னொருவருக்குக் காட்டாமல் கொடுப்பதில்லை. ஆயுத பூஜை வந்தால் பாட்டில்களுக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு.

சுமதி எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவளிடமும் சொன்னேன். மரத்த உதட்டோரத்தை விரலால் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்லக்கா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"எனக்குக் கோவம் போகல."

"போக வேணாம்மா" என்றேன்.

தப்புச் செய்துவிட்டு அம்மன் முன்னால் நிற்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மூடி மறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்லத் தெம்பு கேளுங்கள். தருவாள். அதற்குப் பிறகு வருகிற துக்கத்தையும் கூட இருந்து சுமப்பாள்.

போன ஆடியில் சுமதி தானாகவே நம் ஒக்கலிபுரம் கோயிலுக்கு வந்தாள். கூழ் வாங்கிக் குடித்தாள். இடது ஓரமாக வழிந்து தாடையில் இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை. என் முந்தானையால் துடைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.