முதல் விலைக்கு ஒத்துக்கொள்ளாத எங்கள் அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். அந்த உறவில்தான் அவருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்கிறேன். அண்ணன்தான் எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தாலே அழுதுவிடுகிறார் என்பதால், பத்தாவது வரை படித்த நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா காத்திவாக்கத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். திருவொற்றியூர் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நாங்கள் சிறுவயதாக இருந்தபோதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன்பின் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, டோல்கேட் அருகே கூடை இறக்கி விற்றுத்தான் எங்களை வளர்த்தார். அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டக் கற்றதும் எனக்குத் திருமணம் நடந்ததும் அந்தக் கூடையால்தான். என்னையும் தொழிலுக்குப் பழக்கப் பார்த்தார். நான் கூவ வெட்கப்பட்டு, கேட்ட விலைக்கே மீனைக் கொடுத்துவிட்டேன். "நீ தையல் மிஷின்லயே குந்திக்கோ தாயி" என்று அன்றைக்கே கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

மிஞ்சிய மீனை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். அதையும் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார். "துன்னுட்டு சட்டிய கழுவிக் குடு. கலீஜா குடுத்தேன்னா மூஞ்சிலயே அடிப்பேன்."

வெற்றிலையும் புகையிலையும் அவரை விடவில்லை. முதலில் கன்னத்தில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து, தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள், அதுதான் கதிர்வீச்சு. தேறி வந்ததும் மீண்டும் டோல்கேட்டில் உட்கார்ந்து, "நல்லா பாத்துக்கோ, என் தொட பேசுது" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார். அத்துடன் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். சில வருடங்கள் கழித்து நோய் திரும்பி வந்தது. இந்த முறை நாக்கின் அடியில்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். நாக்கு முழுவதையும் எடுக்க வேண்டும், மூச்சுக்குத் தொண்டையில் ஓட்டை, சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய் என்றார். அம்மா படத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"இன்னா டாக்டரம்மா, எடுத்தவொடனே முழுசா கேக்குற? பாதி எடுத்துக்கோ."

"அம்மா, இதுல பேரம் கிடையாது."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்கோ. சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். முக்கால் எடுத்துக்கோ. கால்வாசி எனக்கு வுடு."

டாக்டரம்மா தலையாட்டவில்லை. உடனே அம்மா எழுந்து, "வாடி, வேற எடம் பாக்கலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். விலை படியவில்லை என்றால் வாங்க வந்தவர் நடக்க வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. விற்பவர் கட்டாயம் கூப்பிடுவார். அம்மா எத்தனையோ பேரை அப்படிக் கூப்பிட்டவர். அன்று அவரே நடந்தார். குடிதண்ணீர்க் குழாய் வரை போய்விட்டோம். உள்ளே அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த அண்ணன், "இன்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"இன்னும் படியல. கூப்புடுவாங்கோ, இரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். வெகுநேரம் அங்கேயே நின்றோம். கடைசியில் கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தார். ஜெயித்துவிட்டோம் என்று அம்மா என் கையைக் கிள்ளினார். டாக்டரம்மா கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. எங்களைத் தாண்டிப் போனவர், "இன்னும் போகலையா?" என்று திரும்பி வந்தார். நான் முதல்முறையாக வாய்திறந்து, "நீங்க கூப்புடுவீங்கன்னு நிக்கிறாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அம்மாவை அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்து, சாப்பாட்டுப் பையோடு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் கூட்டியும் சொல்லலம்மா, கொறச்சும் சொல்லல. பாதி எடுத்தா நோய் உள்ளேயே தங்கிடும். முழுசா எடுத்தாலும் திரும்ப வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அங்க கரண்டு ஏற்கெனவே வச்சாச்சு, மறுபடி வச்சா புண்ணாகிடும். ஆபரேஷன் வேணாம்னா மாத்திரை இருக்கு. குணமாகாது, கொஞ்ச காலம் புடிச்சு வைக்கும். வலிக்கு நாங்க பாத்துக்குறோம். யோசிச்சுட்டு வாங்க."

வீடு திரும்பும்போது அம்மா, "ஒரே வெல சொல்ற பொம்பள. நான் ஒருநாளும் அப்படி இருந்தது கெடையாது" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. வியாசர்பாடி மாமா ஏதோ வேர்ப்பொடி கொண்டுவந்தார். "அத்த மொதல்ல நீ துன்னு, நாளைக்கு உயிரோட கீறியான்னு பாத்துட்டு நான் துன்றேன்" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டார். ஆபரேஷன்தான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார்.

"உயிர் இருந்தா போதும்மா. பேச்சு இல்லனா இன்னா? சைகை காட்டு."

"கூவிக் கூப்புட்டாலே உனக்குக் காது கேக்காது. சைகைய பாக்கப் போறியா நீ?"

அண்ணன் அழுதுவிட்டார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாடி கம்முனு கீற? இந்த வூட்ல சும்மா கெடக்குற நாக்கு உன்துதான். அத்த எடுத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. வாயத் தொற."

அம்மா நிறைய நாள் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் சத்தமில்லாமல் அவர் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. "நீ திட்டாத வூட்ல எனக்கு இருக்கத் தெரியாதும்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியாடா? மாத்திரையே வாங்கியா" என்று அண்ணனிடம் சொன்னார்.

டாக்டரம்மா அந்த முடிவைத் தப்பு என்று சொல்லவில்லை. மாத்திரை சில மாதங்கள் பிடித்து வைத்தது. அம்மா தினமும் டோல்கேட்டுக்குப் போய், தன் இடத்தில் கூடை இறக்கிய பெண்ணின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் தராசு பிடித்த விதத்திலிருந்து வாடிக்கைக்காரரின் மருமகள் வரை எல்லோருக்கும் திட்டு கிடைத்தது. பிறகு பேச்சு குழறியது. அப்புறம் எங்களுக்கு மட்டும் புரிந்தது. கடைசி வாரத்தில் அண்ணன் ஆசையாக வஞ்சிரம் வாங்கிவந்து காட்டினார். பேச முடியாத அம்மா ஒரு விரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் மீனை மாற்றப் போனார். இரண்டு நாள் கழித்து, வலியில்லாமல், தூக்கத்தில் அம்மா போய்விட்டார்.

சாப்பாட்டை ஆறவிட்டு எங்களோடு உட்கார்ந்த டாக்டரம்மாவுக்கும், வலி மருந்து கொடுக்க வீடுவரை வந்த நர்ஸ் தங்கைகளுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த குப்பத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஒன்று. அம்மா அந்த மாதங்களில் உங்களில் பலரைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். அதை மறந்துவிடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் அவர் நாக்கை விட்டுக்கொடுக்கவில்லை.